வத்தலக்குண்டுக்கு எந்த எழுத்து

ஏழுரோட்டில் அபுதாகிர் கடை.
கண்ணாடி மேல் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.
முதல் பெட்டிக்கு ஆறு கொம்பு.
"கொம்பப் பார்த்து வாங்காதீங்க மேடம்,
காட்டுமாட்டுக்கே ரெண்டுதான்."

அடுத்தது மலிவு. ஒரே வாசல்,
ஒரு கணக்கைத்தான் உள்ளே விடும்.
மூன்றாவதில் நீல வாசல்கள் இரண்டு,
கம்பி இரண்டு, கணக்கு இரண்டு,
பில்லோடு ஐயாயிரத்து எழுநூறு.

"ரெண்டையும் ஒண்ணா பூட்டி ஓட்டணுமா,
இல்ல ஒண்ணு படுத்தா
இன்னொண்ணு எழுந்திருச்சா போதுமா?"

எனக்கு ராத்திரி வேலை.
எங்கோ ஒரு டாக்டர் நுரையீரலைப் பற்றி முனகுவார்,
வில்பட்டியில் உட்கார்ந்து நான் அதை எழுத்தாக்குவேன்.
ஐப்பசியில் மட்டும் ஒன்பது முறை லைன் போனது.
யூகலிப்டஸ் விழுந்து இரண்டு முறை,
கம்பத்தில் மாடு முதுகு சொறிந்து ஒரு முறை,
மற்றதெல்லாம் மேகம் இறங்கியதால் என்றார்கள்.
மேகத்தின் மேல் எந்த எண்ணுக்குப் புகார் சொல்வது?

எழுந்திருச்சா போதும் என்றேன்.

பழைய கணக்கு ரெமிஜியுஸ் பேரில்.
அவர் ஓசூர் போய்ப் பதினாலு மாதம்.
ஹெல்மெட், இஸ்திரிப் பெட்டி,
சரிபாதி ஸ்பூன்கள் போயின.
கம்பி சுவரிலேயே நின்றுவிட்டது.
மாதம் பிறந்தால் பணம் அவர் பேங்கிலிருந்து போகிறது.
நான் கேட்கவில்லை. அவர் நிறுத்தவில்லை.

புதியது என் பேரில், பெர்னதத் என்று.
படிவத்தில் கணவர் அல்லது தந்தை என்றொரு கட்டம்.
ஒரு பகல் முழுக்க அதைக் காலியாக வைத்திருந்து
அப்பா பேரை எழுதினேன்.

பெட்டியை மாட்டினேன்.
திரை கேட்டது: முதன்மை எது, துணை எது?
கோயிலில் சாமியார்கூட
இத்தனை நேராகக் கேட்டதில்லை.

மேலே என் பேர். விளக்கு சிணுங்காமல் பச்சையானது.
கீழே அவர் பேர்.
கடவுச்சொல்?
பழைய பெட்டி எட்டுப் புள்ளிகளைக் காட்டியது,
அவ்வளவுதான் காட்டும்.

கூப்பிட்டேன். மூன்றாம் மணியில் எடுத்தார்.
பின்னால் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
"அத மாத்தவே இல்லியே,
கம்பெனிக்காரன் குடுத்ததுதான்."
ஒரு பேரோ பிறந்த நாளோ இருக்கும் என்று
நான் ஏன் நினைத்தேன்.

எழுத்தெழுத்தாகச் சொன்னார், ஊர் ஊராக.
பெருமாள்மலை. தாண்டிக்குடி.
"கே, நம்ம ஊரு" என்றவர்
"கொடைக்கானல்" என்று திருத்திக்கொண்டார்.
நாலு, ஒன்பது, ஒன்பது.
வத்தலக்குண்டு. மன்னவனூர்.
சரியா?
சரி.

அடித்தேன். சிவப்பு.
மெதுவாக அடித்தேன். சிவப்பு.
மறுபடி கூப்பிடலாம்.
டீ ஆறி ஆடை கட்டும்வரை
போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து வருஷம் அந்த ஊரில்தான் பஸ் மாறினோம்.
போர்டில் தமிழ் வத்தலக்குண்டு,
கீழே இங்கிலீஷ் பட்லகுண்டு.
நான் மேல் வரியை வாசிப்பேன்,
அவர் கீழ் வரியை.
இருவரும் ஒரே படிக்கட்டில்தான் இறங்குவோம்.

வி-யை அழித்து பி போட்டேன்.
இரண்டாம் விளக்கும் பச்சை.

அன்றிரவு இரண்டே முக்காலுக்குக் காற்று ஏறியது.
செத்தது மேல் விளக்கு, என் பேர்.
"இடப்பக்கம் கீழ் மடலில்" என்ற டாக்டர்
ஆறு நொடி வாய் மூடி நின்று
"லேசான நிழல்" என்று தொடர்ந்தார்.
நடுவில் யார் வந்து தாங்கினார் என்று
அவருக்குத் தெரியாது.
கீழ் விளக்கு விடியும்வரை மினுங்கியது.

காலையில் ஒரு மெசேஜ்: வந்துச்சா?

அடுத்த மாத பில்லை நான் கட்டுகிறேன் என்று தட்டினேன்.
அழித்தேன்.
வத்தலக்குண்டுக்கு பி
என்று அனுப்பிவிட்டுத்
தூங்கப் போனேன்.